ஊசி எடுக்குமுன் ஒரு ஜெபம்

தலையணையைக் கன்னத்தோடு அணைத்து வைத்துக்கொண்டு பெரியம்மா கண்ணை மூடியிருக்கிறார். கடைக்குள் வெயில் வந்துவிட்டது. வாங்க வந்தவர் கால் மாற்றி நிற்கிறார், இருமிப் பார்க்கிறார், கூட வந்த மனைவியிடம் "தூங்கிட்டாங்களா?" என்று கிசுகிசுக்கிறார். கடைசியில் கண் திறக்கிறது. தலையணையை விட்டுவிட்டு வந்தவரின் கழுத்தைப் பார்க்கிறது.

"இது உங்களுக்கு ஆகாதுங்க. நீங்க குப்புறப் படுக்கிற ஆளு. இதுல படுத்தா காலைல தலை ஒரு பக்கம் எழுந்திருக்கும், நீங்க ஒரு பக்கம் எழுந்திருப்பீங்க."

வந்தவர் திடுக்கிட்டு மனைவியைப் பார்க்கிறார், வீட்டுச் சங்கதியை வெளியே சொன்னது யார் என்பதுபோல. அந்த அம்மாள் பாவம், மெத்தைத் துணியில் இருக்கும் பூக்களைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

மெத்தையும் தலையணையும் தைத்து விற்பதுதான் தொழில். புருவத்தில் பஞ்சு, காதோரத்தில் பஞ்சு, பேசும்போது உதட்டிலிருந்தும் கொஞ்சம் பஞ்சு பறக்கும். நீளமான மெத்தை ஊசியைச் சட்டைத் தோளில் குத்தி வைத்துக்கொண்டே நடமாடுவார். அதனால் அவரைக் கட்டிப்பிடித்து நலம் விசாரிக்க யாருக்கும் துணிவு வராது. மனிதர்களை நல்லவர் கெட்டவர் என்று அவர் பிரிப்பதில்லை. மல்லாந்து படுப்பவர், ஒருக்களித்துப் படுப்பவர், குப்புறப் படுப்பவர் என்று மூன்றே சாதிதான் அவருக்கு. எங்கள் போதகர் மல்லாந்து படுப்பவராம். "அதான் பிரசங்கத்துல பாதி நேரம் மேலயே பாக்கறாரு" என்பார்.

தங்கை மகள் ஒருத்தி பெரியம்மா என்று கூப்பிடப்போக, தெருவே அவரைப் பெரியம்மா என்கிறது. ஆலயத்து மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. சங்கத்தில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்வோம்: நெடுஞ்ஜெபம்.

"ஒரு சின்ன ஜெபம்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். அந்தச் சின்ன ஜெபத்தில் நோயாளிகள் வருவார்கள், கர்ப்பிணிகள் வருவார்கள், வேலை தேடும் மருமகன்கள் வருவார்கள், ஓடிப்போன மருமகன்களும் வருவார்கள். பஞ்சு நனையாமல் மழை பெய்ய வேண்டும். பக்கத்துக் கொல்லருக்கு முதுகுவலி போக வேண்டும், ஆனால் மத்தியான நேரத்தில் அவர் சம்மட்டி அடிக்கும் ஆசையும் கொஞ்சம் போக வேண்டும். நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். ஒன்றைக் குத்தியதும் அடுத்தது என்று பழகிய கை எனக்கு. இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதென்றால் உயிர் போய்விடும். வீட்டில் பால் பொங்குமே என்று ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். பெரியம்மாவின் கண் மூடித்தான் இருக்கும். ஆனாலும் குரல் மட்டும் என் பக்கம் திரும்பும்.

"ஆண்டவரே, பால் மேலயே நெனப்பா நிக்கிற உம்ம பிள்ளை தபாலையும் மன்னிச்சிடும்."

சங்கம் முழுவதும் "ஆமென்" என்று சொல்லும், என்னைப் பிடிக்காதவர்கள் கொஞ்சம் உரக்கவே சொல்வார்கள்.

சண்டை நடந்த வருஷங்களில் எங்கள் சங்கம் அமோகமாக வளர்ந்தது. நாலு பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது, கூடினால் பிடித்துக்கொண்டு போவோம் என்று ராணுவம் உத்தரவு போட்டிருந்தது. ஜெபக் கூட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு. உடனே ஊரிலிருந்த பெண்களுக்கெல்லாம் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரைப் பற்றி வாய்விட்டுப் பேச வேறு இடம் ஏது? சும்மா கூடினால் சந்தேகப்படுவார்கள் என்று ராணுவ மருத்துவமனைக்குத் தலையணை தைத்துக் கொடுக்கும் வேலையைப் பெரியம்மா வாங்கி வந்தார். பஞ்சும் துணியும் ராணுவம் தரும். தைத்து முடித்ததை ராணுவ லாரியே வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

இதில் தங்கை மகளுக்குக் கோபமான கோபம். தாயில்லாமல் பெரியம்மாவிடமே வளர்ந்த பெண். படித்த இடத்தில் தோழர்களோடு சேர்க்கை ஏற்பட்டு, கடவுளும் இல்லை, இந்த அரசாங்கமும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அந்தத் தோழர்கள் அப்போது தலைமறைவாக இருந்தார்கள். அவள் எங்கே போகிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று பெரியம்மா கேட்டதில்லை. வாரம் தவறாமல் சங்கத்துக்கு வந்து தலையணை தைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வீட்டில் இருவருக்கும் நடக்கும் சண்டை சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

"பெரியம்மா, நீங்க யாருக்குத் தலையணை தைக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் தைக்கிறீங்களா?"

"தலைக்குத் தைக்கிறேன். அது எந்தக் கட்சித் தலைன்னு நான் கேக்கறதில்ல."

"ஜெபம் பண்ணினா சண்டை நின்னுடுமா?"

"நீங்க கோஷம் போட்டு நின்னுச்சா? உனக்கும் தொண்டை வலி, எனக்கும் தொண்டை வலி. வெந்நி வெச்சிருக்கேன், வந்து குடி."

அவள் இடது கைக்காரி. சின்ன வயதில் பெரியம்மா அதை மாற்ற என்னவெல்லாமோ செய்து பார்த்திருக்கிறார். வலது கையில் ஊசியைக் கொடுத்தால் துணியை விட்டுவிட்டு விரலைத்தான் குத்துமாம். அழுது தீர்த்ததும் இவரே விட்டுவிட்டார். "போகட்டும், அந்தக் கையையும் அவர்தானே குடுத்தாரு" என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். எங்கள் தையலெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அவள் தையல் மறுபக்கம் சாய்ந்திருக்கும். சங்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குறும்புக்காரி என்ன செய்தாள் தெரியுமா? தான் தைக்கும் தலையணைகளுக்குள் தோழர்களின் துண்டுப் பிரசுரங்களைச் சுருட்டி வைத்துத் தைத்துவிட்டாள். ராணுவத்தின் பஞ்சு, ராணுவத்தின் துணி, ராணுவத்தின் லாரி, டீசல் செலவும் அவர்களுடையதே. மருத்துவமனையில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி அந்தத் தலையணைகளை அடையாளம் பார்த்துப் பிரித்தெடுத்து, உள்ளே இருப்பதை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவாள். மாதக்கணக்கில் இது நடந்திருக்கிறது. எங்கள் கண்ணெதிரே நடந்தும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது. கடைசியில் அந்தத் தலையணைகளில் ஒன்று கைதவறிப்போய், காலில் குண்டடி பட்டுப் படுத்திருந்த பெரிய தளபதி ஒருவரின் தலைக்குப் போய்விட்டது. திரும்பிப் படுக்கும்போதெல்லாம் தலையணை சலசலத்திருக்கிறது. எலி என்று நினைத்துப் பிரிக்கச் சொன்னாராம். இந்தச் சண்டை யாருக்காக என்று அச்சடித்த கேள்வி கொத்தாக மடியில் விழுந்தது.

சங்கம் கூடியிருந்த ஒரு பிற்பகலில், ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கூடத்துக்குள் ஓர் அதிகாரி வந்தார். கூடவே இரண்டு சிப்பாய்கள். அதிகாரியின் கையில் வயிறு கிழிந்த தலையணை இருந்தது. அப்போதுதான் பாட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். இன்னும் யாரும் வேலையைத் தொடவில்லை.

பெரியம்மா எழுந்துபோய் அவர் கையிலிருந்து தலையணையை வாங்கினார். "ஐயோ, யாருங்க இப்படிக் கிழிச்சது? தையலப் பிரிக்கத் தெரியாதா?" என்றார். சொல்லிக்கொண்டே ஓரத்தைத் திருப்பிப் பார்த்தவரின் பேச்சு நின்றுபோயிற்று. பக்கத்திலிருந்த நானும் பார்த்தேன். தையல் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

அதிகாரி மரியாதைக்காரர்தான், அதுதான் பயமாக இருந்தது. "எங்கம்மாவும் துணி தைக்கிறவங்கதான். இது இடது கைத் தையல்னு எனக்குத் தெரியும்" என்றார் நிதானமாக. "ஆளுக்கு ஒரு சாண் தைச்சுக் காட்டுங்க. யாரோடதுன்னு தெரிஞ்சா மத்தவங்க வீட்டுக்குப் போகலாம். தெரியலன்னா எல்லாரும் வண்டில ஏற வேண்டியதுதான்."

அந்த வண்டியை எங்களுக்குத் தெரியும். அச்சுக்கடைக்காரர் அதில் ஏறிப் போனவர். அவருடைய மூக்குக்கண்ணாடியை மட்டும் பிறகு ஒரு சிப்பாய் கொண்டுவந்து கொடுத்தான். ஊசியை இடது கையில் பிடித்தால் தங்கை மகள் போனாள். வலது கையில் பிடித்தால் ஒரு சாண் முடிவதற்குள் துணி முழுக்க ரத்தமாகிவிடும். பின்கதவை ஒட்டி அவளுடைய முக்காலி.

"தைச்சுக் குடுத்தாப் போச்சு தம்பி" என்றார் பெரியம்மா. "ஆனா ஜெபம் பண்ணாம நாங்க ஊசியத் தொடறதில்ல. சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான். ஒரு சின்ன ஜெபம்."

இது பொய்யில்லை. என்றைக்கும் அப்படித்தான். அதிகாரி ஒரு கணம் யோசித்தார். தாய் அடித்து வளர்த்த பழக்கமாக இருக்கும், கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. அவர் கழற்றியதும் சிப்பாய்கள் இருவரும் கழற்றினார்கள். அவர் கண்ணை மூடியதும், எந்தத் தெய்வம் என்று விசாரிக்காமலேயே அவர்களும் மூடினார்கள்.

பெரியம்மா ஆரம்பித்தார். நோயாளிகள் வந்தார்கள், கர்ப்பிணிகள் வந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த ஜெபம் நீள வேண்டும் என்று நானும் உருகி வேண்டினேன். இந்நேரம் அவள் பின்கதவைத் தாண்டியிருப்பாள் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தாள். கடவுள் இல்லை என்று ஊரெல்லாம் வாதாடியவள், தலையைக் குனிந்து, கையைக் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஞாயிறு வகுப்பில் பரிசு வாங்கப்போகும் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். நிற்கத் தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா பழக்கிய பழக்கம். கட்சித் தீர்மானம் எதுவும் அவள் கண்ணிமை வரைக்கும் போய்ச் சேரவில்லை. எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்த பெரியம்மாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குரல் சற்று உயர்ந்தது.

"ஆண்டவரே, ஆபத்து எதிர்ல வந்து நிக்கும்போதும் கண்ண மூடிக்கிட்டு நிக்கிற பிள்ளைங்களுக்கு நல்ல புத்தியக் குடும்."

"ஆமென்" என்றாள் அவள், எங்கள் எல்லோரோடும் சேர்ந்து.

"ஆண்டவரே, நீர் கதவத் தெறந்து வெச்சிருக்கீர். போகத் தெரியாத மண்டுங்களா நாங்க நிக்கிறோம்."

அதற்கும் உருக்கமாக ஓர் ஆமென். பெரியம்மா மூச்சை இழுத்துவிட்டார்.

"ஆண்டவரே, பின்கட்டுல அடுப்பு மேல தண்ணி வெச்சது இப்பத்தான் ஞாபகம் வருது. பாத்திரம் தீஞ்சிடும். கதவுப் பக்கத்துல நிக்கிற பிள்ளை சத்தம் போடாம போய் எறக்கி வெச்சா ரொம்ப நல்லாருக்கும் ஆண்டவரே."

சொன்னதுதான் தாமதம், எங்கள் ஆலயத்து மணியடிப்பவரின் மனைவி, பரம உபகாரி, "நான் பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். பாய்ந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்போதுதான் தங்கை மகள் கண்ணைத் திறந்தாள். திறந்து பெரியம்மாவைப் பார்த்தாள். அவர் கண் மூடியபடியே இருந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த பஞ்சு மட்டும் நனைந்திருந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள்.

அதிகாரியின் இமை அந்த நேரத்தில் அசைந்தது என்று நான் சொல்கிறேன். அசையவே இல்லை, மனுஷன் நல்லாத்தான் ஜெபம் பண்ணினான் என்று பெரியம்மா சொல்கிறார். இந்த வாக்குவாதம் இன்றுவரை தீரவில்லை.

ஊர் எல்லையில் ராணுவக் காவல் உள்ள பாலத்தை அவள் தாண்டும்வரை ஜெபத்தை இழுத்தாக வேண்டும். அதற்குள் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் பிழைத்தாள். பஞ்சு வண்டிக்காரரோடு பாலத்தைக் கடந்து போனவள், சண்டை ஓய்ந்து அந்த அரசாங்கமும் கவிழ்ந்த பிறகுதான் திரும்பினாள். இப்போது ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தில் பேசுகிறாள். நேரம் கிடைத்தால் வந்து பெரியம்மாவோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். பெரியம்மா அத்தனை காலமும் சிறையில் இருந்தார். அங்கேயும் ஒரு சங்கத்தை ஆரம்பித்து, காவல்காரியின் கழுத்துவலிக்கு ஏற்ற தலையணையைக் கந்தலில் தைத்துக் கொடுத்தார் என்று கேள்வி. அவர் விடுதலையாகி வந்த அன்று கடையில் நானும் இருந்தேன். காலில் விழுந்து அழுத தங்கை மகளைத் தூக்கி நிறுத்தி, அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அறிவிருக்கா உனக்கு? காகிதத்த ஓரத்துல வெச்சா சலசலக்காம வேற என்ன பண்ணும்? நட்ட நடுவுல வெச்சு, சுத்தி ரெண்டு கை பஞ்ச அமுக்கியிருக்கணும். தொழில் தெரிஞ்சவ ஒருத்தி வீட்லயே இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினாள். நான் மட்டும் விடவில்லை. "ஜெபத்த வெச்சு ஏமாத்தலாமா பெரியம்மா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"நான் எங்கடி ஏமாத்தினேன்? அதுல ஒரு வார்த்தை பொய்யா? தண்ணி நிஜமாவே அடுப்புல இருந்துச்சு, பாத்திரம் தீஞ்சுதான் போச்சு. அந்த அதிகாரிப் பையன் கழுத்துக்குக்கூட மனசாரத்தான் வேண்டிக்கிட்டேன். பொய் அதுக்கப்புறந்தான் வந்துச்சு. அதுக்கு நான் தனியா மன்னிப்புக் கேட்டாச்சு, நீ உன் பாலப் பாரு."

கழுத்துக்கு வேண்டியது உண்மை. அன்றைய ஜெபத்தில் நாட்டை ஆள்பவர்கள், மாடு கன்றுகள், ஆற்றில் மீன்கள் என்று எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் சிப்பாய்களின் தாய்மார்களும் அதிகாரியின் தூக்கமும் வந்தன. பெரியம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆமென் என்றார். எல்லோரும் உட்கார்ந்தோம்.

பின்கதவுப் பக்கம் ஒரு முக்காலி காலியாக இருந்தது. பாதி தைத்த தலையணை அதன்மேல் கிடந்தது. அத்தனை பெண்கள் கூடிய கூடத்தில் ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. யார் எத்தனை பேர் என்று அதிகாரி வந்தபோது எண்ணிக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொருவராகத் தைத்துக் காட்டினோம். கிழிந்த தலையணையின் ஓரத்தைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முத்திரை குத்திப் பழகிய என் கையில் தையல் கோணலாகத்தான் விழுந்தது, ஆனாலும் சரியான பக்கம் கோணியிருந்தது. எல்லாம் ஒரே பக்கம். ஒன்றும் பொருந்தவில்லை. அப்போதுதான் அவர் பார்வை காலி முக்காலிக்குப் போயிற்று.

"இங்க யாரு உக்காந்திருந்தாங்க?"

எல்லோரும் அவரவர் மடியிலிருந்த தையலைப் பார்த்துக் குனிந்தோம். அவர் சிப்பாயின் பக்கம் திரும்பினார். "பாலத்துக்குப் போன் போடு. யாரையும் விட வேணாம்னு சொல்லு."

"எதுக்குத் தம்பி போனு?" என்றார் பெரியம்மா. "அது என் எடம். தலைவின்னு முன்னால நின்னு ஜெபம் பண்ணினேன், அவ்வளவுதான். நான் இன்னும் தைக்கவே இல்லையே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

சிப்பாய் வாசலிலேயே நின்றான். பெரியம்மா போய் அந்த முக்காலியில் உட்கார்ந்து, பாதி தைத்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி ஊசியில் கோத்தார். நிமிர்ந்து அதிகாரியின் கழுத்தைப் பார்த்தார்.

"நீங்க ஒருக்களிச்சுப் படுக்கிறவர். உங்களுக்குக் கொஞ்சம் ஒசரமா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, வலது கையிலிருந்த ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.